14 என்றால் எந்தப் பல்?

யூடியூபில் ஓர் அமெரிக்க ஆசிரியர் 14ஆம் எண் பல்லைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். மூன்று வேர்கள், மேலே கஸ்ப் எனப்படும் நான்கு முகடுகள், குறுக்கே சாய்வாக ஓடும் ஒரு வரப்பு என்று படம் போட்டு விளக்குகிறார். அன்றைக்கே சென்னைப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றின் வகுப்பில் 14ஆம் எண் பல் மேசைக்கு வந்தால், அதில் இருப்பவை இரண்டே கஸ்ப். வேரும் பெரும்பாலும் இரண்டுதான். முதலாண்டு மாணவிக்குத் தலை சுற்றும். இருவரில் யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். அமெரிக்காவில் மேல் தாடையின் வலது கோடியில் இருக்கும் ஞானப்பல்லை 1 என்று வைத்து, மேல்வரிசை முழுக்கப் போய், கீழே இறங்கித் திரும்பி, கீழ்த் தாடையின் வலது கோடியில் 32 என்று முடிப்பார்கள். அந்தக் கணக்கில் 14 என்பது மேல் இடது முதல் கடைவாய்ப்பல். இந்தியக் கல்லூரிகளில் நடைமுறையில் இருப்பது எஃப்.டி.ஐ. முறை. வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, முதல் இலக்கம் எந்தப் பகுதி என்றும், அடுத்த இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்றும் சொல்லும். இதில் 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். பல் வேறு, பக்கமும் வேறு. விடைத்தாளில் இந்தக் குழப்பம் சில மதிப்பெண்ணோடு போய்விடும். நோயாளி நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது நேர்ந்தால் நல்ல பல்லுக்கு ஆபத்து.

பல் மருத்துவப் படிப்பின் அறிவியல் பாடங்களுக்கு இணையத்தில் என்ன கிடைக்கிறது என்று தேடுபவர்கள் முதலில் இந்த 14ஐ மனத்தில் வைத்துக்கொண்டு தேடலாம். சரக்குக்குப் பஞ்சமில்லை, பெரும்பகுதி இலவசம், தரமும் உயர்வு. ஆனால் எல்லாமே வேறொரு ஊரின் வாயை, வேறொரு தேர்வை மனத்தில் வைத்துச் செய்தவை.

பொழிச்சலூரில் குடியிருக்கும் ஒரு முதலாண்டு பி.டி.எஸ். மாணவியை எண்ணிப் பார்க்கலாம். பம்மல் வழியாகப் பல்லாவரம் ஸ்டேஷன், அங்கிருந்து மின்ரயில். அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தால் வடக்கே போகும் வண்டியில் ஏறிக் கோட்டை ஸ்டேஷனில் இறங்க வேண்டும். 1953இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கிய கல்லூரி அது. ஸ்டேஷனுக்கு எதிரேதான் இருக்கிறது. தெற்கே என்றால் வண்டலூரை அடுத்த ரத்தினமங்கலத்தில் தாகூர் கல்லூரி, பள்ளிக்கரணையில் ஸ்ரீ பாலாஜி கல்லூரி, உத்தண்டியில் ராகாஸ். எந்தத் திசையில் போனாலும் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரம் பயணத்தில் கழியும். அந்த நேரத்தில் கையில் இருப்பது ஒரு ஆண்ட்ராய்டு போனும் அன்றைய டேட்டாவும். இந்த விமர்சனத்தின் உரைகல் அதுதான்: நின்றுகொண்டு பயணம் செய்யும் மாணவியின் போனில் எது உதவும், வீட்டு மேசைக்கு எது, எதற்குக் கல்லூரிக்கே போயாக வேண்டும்?

முதலில் பாடத்திட்டம். இந்தியப் பல் மருத்துவ மன்றம் 2007இல் திருத்தி வெளியிட்ட விதிமுறைகளின்படி முதலாண்டில் மூன்று அறிவியல் பாடங்கள். உடற்கூறு, அதற்குள்ளேயே கருவளர்ச்சி, எலும்பியல், திசுவியல். அடுத்தது உடலியங்கியலும் உயிர்வேதியியலும் சேர்ந்த ஒரே தாள். மூன்றாவது பல் உடற்கூறும் வாய்த் திசுவியலும். ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வு 70, வைவா 20, இன்டர்னல் 10 என்று நூறு மதிப்பெண். செய்முறைக்குத் தனியாக இன்னொரு நூறு. ஆக, எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. ஸ்பாட்டரில் வைத்திருக்கும் எலும்பையோ ஸ்லைடையோ பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்ல வேண்டும். வைவாவில் வாய் திறக்க வேண்டும்.

உடற்கூறுக்கு டீச்மீஅனாட்டமி தளத்திலிருந்து தொடங்குவது நல்லது. எடுத்துக்காட்டாகக் கீழ்த்தாடை நரம்பை எடுத்துக்கொள்வோம். மண்டையோட்டின் அடியில் ஃபொராமென் ஓவலே வழியாக வெளியே வந்து, கிளைவிட்டு, ஒரு கிளை தாடை எலும்புக்குள் நுழைந்து பற்களுக்கெல்லாம் உணர்வு கொடுத்துவிட்டு, முன்பக்கத் துளை வழியாக உதட்டுக்கு வரும் நரம்பு இது. பல் மருத்துவர் வாழ்நாள் முழுக்க ஊசி போடப்போவது இந்த நரம்பின் கிளைக்குத்தான். தளத்தின் கட்டுரை ஐந்து நிமிட வாசிப்பு. எங்கே தொடங்கி எங்கே போகிறது, எதற்கெல்லாம் கிளை கொடுக்கிறது என்று படியாக இறங்குகிறது. இடையிடையே நிறமிட்ட பெட்டியில் மருத்துவமனைப் பயன்பாடு. கடைசியில் சில கேள்விகள். போன் திரையில் எழுத்து ஒழுங்காக விழுகிறது. விளம்பரங்களைப் பொறுத்துக்கொண்டால் பைசா செலவில்லை.

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து இயங்கும் கென்ஹப்பின் வலிமை படங்கள். ஒரு தசையை மட்டும் பச்சையில் எடுத்துக்காட்டி, சுற்றியிருப்பதை மங்கலாக்கும் அந்தப் பாணி, மெல்லும் தசைகள் நான்கையும் பிரித்தறிய மிகவும் கைகொடுக்கும். கட்டுரைகளை இலவசமாகப் படிக்கலாம். கேள்விப் பயிற்சிகளின் பெரும்பகுதிக்குச் சந்தா வேண்டும். முதலாண்டு மாணவி அந்தச் சந்தாவைக் கட்ட வேண்டிய அவசியமில்லை என்பதே இங்கே தரும் தீர்ப்பு. காரணம் கீழே வருகிறது.

முப்பரிமாண உடலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் மென்பொருள்களில் பெயர்பெற்றது கம்ப்ளீட் அனாட்டமி. டப்ளின் நிறுவனம் ஒன்று உருவாக்கியதை 2019இல் எல்சேவியர் பதிப்பகம் வாங்கியது. பார்க்க அழகு, விலையும் அதற்கேற்ப. சில கல்லூரி நூலகங்கள் இதுபோன்ற மென்பொருள்களுக்குச் சந்தா கட்டுகின்றன. கையிலிருந்து செலவழிப்பதற்கு முன் நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பணம் இல்லாதவர்களுக்கு இஸட்-அனாட்டமி இருக்கிறது. ஜப்பானிய ஆய்வு மையம் ஒன்று திறந்த உரிமத்தில் கொடுத்த உடல் மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, பிளெண்டர் மென்பொருளில் கட்டியெழுப்பியது. ஒவ்வொரு எலும்பாகக் கழற்றலாம். போனில் பார்ப்பதைவிட நல்ல கணினியில் பார்ப்பதே சுகம். ஆனால் எந்தத் திரையும் டெம்போரல் எலும்பைக் கையில் கொடுத்துவிடாது. மூடிய கண்ணோடு விரலால் தடவி இது வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்லும் பழக்கம் எலும்புப் பெட்டியோடு உட்கார்ந்தால்தான் வரும்.

அடுத்தது வாய்த் திசுவியல். இணையம் தன் முழு வலிமையையும் காட்டுவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கல்லூரியில் மைக்ராஸ்கோப் நேரம் குறைவு. ஸ்லைடைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் ஊதாவும் இளஞ்சிவப்பும் கொண்ட எச் அண்ட் இ பென்சிலால் வரைந்து, கையெழுத்து வாங்கினால் அன்றைய வேலை முடிந்தது. தேர்வுக்கு முதல் வாரம் அந்த ஸ்லைடை மறுபடி பார்க்க ஆசைப்பட்டால் ஆய்வகக் கதவு பூட்டியிருக்கும். மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் உருவாக்கிய ஹிஸ்டாலஜி கைடு தளம் அந்தக் கதவைத் திறந்துவைக்கிறது. உண்மையான கண்ணாடி ஸ்லைடுகளை முழுதாக ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். இரண்டு விரலால் விரித்தால் குறைந்த பெருக்கத்திலிருந்து ஒரு செல்லின் உட்கரு வரை போகலாம். பார்க்கும் பகுதி மட்டும் துண்டு துண்டாக இறங்குவதால் டேட்டாவும் அளவாகவே செலவாகும். நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், பல் எல்லாம் இருக்கின்றன. கட்டணமும் இல்லை.

உமிழ்நீர்ச் சுரப்பிகளை வைத்துச் சோதித்தால் தளத்தின் அருமை புரியும். பரோட்டிட் சுரப்பி முழுக்க நீர்த்த உமிழ்நீர் சுரக்கும் செல்கள், அடர்ந்த நிறம். நாவடிச் சுரப்பியில் கோழை சுரக்கும் செல்கள் மிகுதி, வெளிறிய நிறம். தாடையடிச் சுரப்பியில் இரண்டும் கலந்து, வெளிறிய கொத்தின் விளிம்பில் பிறைநிலா மாதிரி அடர்நிறச் செல்கள் ஒட்டியிருக்கும். இதைப் புத்தகத்தில் பத்து முறை படித்தாலும் ஒட்டாது. மூன்று ஸ்லைடையும் அடுத்தடுத்துத் திறந்து, ஒரே பெருக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே மாலையில் கண்ணில் பதிந்துவிடும். கல்லூரி மைக்ராஸ்கோப்பில் மூன்று ஸ்லைடுகளை இப்படி நிதானமாக மாற்றி மாற்றிப் பார்க்க வரிசையில் நிற்கும் தோழிகள் விடமாட்டார்கள்.

பல்லுக்கு வரும்போது ஒரு எச்சரிக்கை. எனாமலின் எடையில் 96 சதவீதம் கனிமம். பல்லை மெல்லிய சீவலாக வெட்டுவதற்காக அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கும்போது எனாமல் கரைந்தே போய்விடும். ஆகவே வண்ணமேற்றிய ஸ்லைடில் எனாமல் இருந்த இடம் வெற்றிடமாகத் தெரியும். எனாமலைப் பார்க்க வேண்டுமென்றால் பல்லைக் கல்லில் தேய்த்து மெலிதாக்கிய கிரவுண்டு செக்‌ஷன் வேண்டும். ரெட்சியஸ் கோடுகள், எனாமல் டஃப்ட், ஸ்பிண்டில், லாமெல்லா என்று வாய்த் திசுவியலில் படிப்பதெல்லாம் அதில்தான் தெரியும். பதிலுக்கு அதில் உள்ளே இருக்கும் மென்திசு போய்விடும். பொது மருத்துவ மாணவர்களுக்கான திசுவியல் தளங்களில் பெரும்பாலும் முதல் வகைதான் கிடைக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் இணையத்தில் எனாமலைத் தேடுபவர் வெற்றிடத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். கிரவுண்டு செக்‌ஷனுக்குக் கல்லூரி ஆய்வகமே கதி. ஆசிரியர் அனுமதித்தால் மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் போன் கேமராவை ஒட்டிவைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் படம் பின்னால் பயன்படும்.

பல் உடற்கூறுக்கு மென்டல் டென்டல் என்ற யூடியூப் சேனலை உலகம் முழுக்க மாணவர்கள் பார்க்கிறார்கள். தொடக்கத்தில் சொன்ன எண் சிக்கல் இதுபோன்ற அமெரிக்கப் பாடங்களில் எல்லாம் வரும். 2020இல் தொடங்கிய அமெரிக்க ஒருங்கிணைந்த தேசியப் பல் மருத்துவத் தேர்வை எழுதுபவர்களுக்கான சேனல் அது; அவர்களுக்கு அது பொருத்தம். விளக்கம் தெளிவு, படம் தெளிவு, வீண் பேச்சு கிடையாது. மேல் முதல் கடைவாய்ப்பல்லின் மெசியோபேலட்டல் கஸ்ப்பிலிருந்து டிஸ்டோபக்கல் கஸ்ப் வரை சாய்வாக ஓடும் வரப்பு, அந்த முதல் கஸ்ப்பின் பக்கவாட்டில் சிலருக்கு முளைத்திருக்கும் கரபெல்லி முண்டு என்று புத்தகத்தில் வார்த்தையாக இருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது சட்டென்று விளங்கும். எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மேல் பல்லின் உட்புறத்தை அமெரிக்கர்கள் லிங்குவல் என்பார்கள். நம் வகுப்புகளில் பேலட்டல் என்றால்தான் ஆசிரியர் முகம் மலரும். வீடியோ பார்க்கும்போது பக்கத்தில் ஒரு தாளில் எஃப்.டி.ஐ. எண்களை வரைந்து வைத்துக்கொண்டு, வீடியோ சொல்லும் ஒவ்வொரு எண்ணையும் அதில் குறித்தால் இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

பொழிச்சலூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சங்கடம். சென்னை விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுதளம் அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டப்பட்டது. ஊர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தலைக்கு மேல் விமானம் போனால் பாடத்தில் ஒரு வாக்கியம் காணாமல் போகும். திரையில் வசனத்தை ஓடவிட்டால் போதுமே என்று தோன்றும். தானியங்கி வசனம் லத்தீன் பெயர்களைக் கண்டபடி சிதைக்கும். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்ப்பதே வழி.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவப் பள்ளி தன் பழைய பயிற்சிப் படங்களை யூடியூபில் பொதுவில் வைத்திருக்கிறது. படத்தின் நிறம் மங்கியிருக்கும், பேச்சு நிதானமாக இருக்கும். கையை எப்படி ஊன்றுவது, கருவியை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்று காட்டுவதில் அவசரமே இல்லை. இன்றைய வேக வீடியோக்கள் தராத பொறுமை அது.

இதைவிடப் பழைய புதையலும் இருக்கிறது. நவீனப் பல் மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படும் ஜி.வி. பிளாக் 1890இல் வெளியிட்ட மனிதப் பற்களின் உடற்கூறு நூல், காப்புரிமைக் காலம் முடிந்து இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகக் கிடக்கிறது. பற்களை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அட்டவணை போட்டவர் அவர். மெழுகுக் கட்டியில் பல் செதுக்கும் மாணவி மேல் நடு வெட்டுப்பல்லின் கிரீடம் 10.5 மி.மீ., அகலம் 8.5 மி.மீ., வேர் 13 மி.மீ. என்று வீலர் புத்தகத்து அளவை மனப்பாடம் செய்கிறாள். அளந்து பார்க்கும் அந்த மரபு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள இந்த நூலை ஒரு ஞாயிற்றுக்கிழமை புரட்டலாம்.

உடலியங்கியலுக்கும் உயிர்வேதியியலுக்கும் இணையத்தில் குவிந்து கிடக்கிறது. இங்கே சிக்கல் மிகுதிதான். கான் அகாடமி, ஆஸ்மோசிஸ், நிஞ்சா நெர்டு மூன்றையும் பலர் அறிவார்கள். ஆஸ்மோசிஸ் வீடியோக்கள் குட்டை, பயணத்துக்குத் தோது. நிஞ்சா நெர்டு வெள்ளைப்பலகை முழுக்க வரைந்து, பல தலைப்புகளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடும், எம்.பி.பி.எஸ். அளவுக்கு ஆழம். பல் மருத்துவ மாணவிக்கு இந்தத் தாளில் இரண்டு பாடம் பாதிப் பாதி என்பதால் அந்த ஆழம் எல்லாத் தலைப்புக்கும் தேவைப்படாது. ஐஐடி கரக்பூரின் சுவாகதா தாஸ்குப்தா நடத்திய உயிர்வேதியியல் வகுப்புகள் என்.பி.டி.இ.எல். வழியாக இலவசம். அவர் வேதியியல் துறைப் பேராசிரியர். நொதிகளின் வேகக் கணக்கு புரியாதவர்களுக்கு அந்த வகுப்பு மருந்து மாதிரி. கிரெப்ஸ் சுழற்சியை நாளைய இன்டர்னலுக்குப் படிப்பவர் அங்கே போகத் தேவையில்லை.

ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட உடற்கூறு-உடலியங்கியல் பாடநூல் முழுதும் இலவச பி.டி.எஃப். ஆயிரம் பக்கத்துக்கு மேல். எளிய ஆங்கிலம், நல்ல படங்கள். ஆனால் ஜீரண மண்டலம் பற்றிய 23ஆம் அத்தியாயத்தில் பல்லுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறியது. நம் ஊர்த் தேர்வுக்கு கே. செம்புலிங்கம், பிரேமா செம்புலிங்கம் இருவரும் பல் மருத்துவ மாணவர்களுக்கென்றே எழுதிய உடலியங்கியல் நூல் மேலும் பொருத்தம். அந்த நூலின் திருட்டு பி.டி.எஃப். டெலிகிராம் குழுக்களில் உலவுவதைச் சுட்டிக்காட்டிச் சீனியர்கள் உதவ வருவார்கள். எழுதியவர் உழைப்பை எண்ணியாவது அதைத் தவிர்க்க வேண்டும். நூலகத்தில் இரவல் கிடைக்கும். பழைய பதிப்பு பாதி விலைக்குக் கிடைக்கும். எலும்பும் நரம்பும் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. இரண்டாம் ஆண்டு மருந்தியலுக்கு மட்டும் புதுப் பதிப்பே வேண்டும்.

ஃபுளோரைடு பாடத்தில் 14ஆம் எண் கதை மறுபடி வருகிறது. வெளிநாட்டு வீடியோக்கள் குடிநீரில் ஃபுளோரைடு சேர்ப்பதைப் பற்றிப் பேசும். அமெரிக்காவில் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் என்று 2015இல் பரிந்துரைத்தார்கள். தமிழ்நாட்டில் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பிரச்சினை நேர்மாறு. நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து, குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறையாகப் படிகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருப்பது அதனால்தான். இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக லிட்டருக்கு 1 மில்லிகிராமும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் உச்சமாக 1.5 மில்லிகிராமும் வைத்திருக்கிறது. அமெரிக்க வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு வைவாவுக்குப் போகும் மாணவிக்கு, தருமபுரியிலிருந்து வரும் நோயாளியின் பல் கேள்வித்தாளில் இல்லாத கேள்வியாகத் தெரியும்.

எது தேவை, எது மிகை என்று அளக்க நல்ல கோல் பழைய வினாத்தாள்கள். 1988இல் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பழைய பி.டி.எஸ். வினாத்தாள்களை இணையத்தில் தேடி எடுத்துவிடலாம். ஐந்து ஆண்டுத் தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்வியும் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கோடு போட்டால் ஆண்டின் வரைபடமே கிடைத்துவிடும். தாகூர், ராகாஸ், அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தாங்களே தாள் தயாரிப்பதால் அங்கே படிப்பவர்கள் சீனியர்களின் தாள்களைத்தான் தேட வேண்டும்.

கென்ஹப்புக்குச் சந்தா வேண்டாம் என்றதற்குக் காரணம் ஆன்கி. ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருள்படும் இந்தச் செயலியை டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்டார். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம். ஐபோனில் மட்டும் 24.99 டாலர். ஒரு அட்டையில் கேள்வி, பின்புறம் விடை. விடை எவ்வளவு எளிதாக நினைவுக்கு வந்தது என்று பார்ப்பவரே பொத்தானை அழுத்த வேண்டும். எளிதாக வந்த அட்டை பல நாள் கழித்துத் திரும்பும், தடுமாறிய அட்டை உடனே திரும்பும். மறக்கப்போகும் நேரத்தில் நினைவூட்டுவதுதான் உத்தி; மறதியின் வேகத்தை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே அளந்து காட்டியிருந்தார்.

செயலியின் முகப்பு வறண்டது. முதல் நாள் எதை அழுத்துவது என்றே விளங்காது. ஆனால் படத்தின் மேல் திரை போட்டு மறைக்கும் வசதி இருக்கிறதே, பல் மருத்துவ மாணவிக்காகவே செய்ததுபோல இருக்கும். ரெக்கார்டு நோட்டில் தானே வரைந்த பல் படத்தைப் போனில் எடுத்து, பாகங்களின் பெயர்களை ஒவ்வொன்றாக மறைத்துவிட்டால், ஒரு படமே பத்து அட்டையாகிவிடும். மைக்ராஸ்கோப் வழியாக எடுத்த கிரவுண்டு செக்‌ஷன் படமும் இங்கே வந்து சேரும். ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று செயலியே கணக்கு வைத்திருக்கிறது. ஆர்வக்கோளாறில் அதை நூறாக மாற்றுபவர் அடுத்த வாரம் திரும்பிவரும் அட்டைகளில் மூழ்கிப்போவார். பத்து நாள் திறக்காமல் விட்டாலும் அதே கதிதான். மற்றவர்கள் தயாரித்து இணையத்தில் வைத்திருக்கும் ஆயத்தக் கட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கத் தேர்வுக்கானவை. அங்கே மறுபடியும் 14ஆம் எண் காத்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகளையும் மாணவர்கள் கேட்கிறார்கள், கேட்கட்டும். கடினமான பத்தியை எளிய வாக்கியத்தில் சொல்லித்தரவும், வைவா நடத்துவதுபோலக் கேள்வி கேட்கவும் அவை நல்ல துணை. ஒரு சோதனை மட்டும் செய்துகொள்ள வேண்டும். எந்த எண் முறை என்று சொல்லாமல் 14ஆம் பல்லின் வேர்கள் எத்தனை என்று கேட்டுப் பார்க்கலாம். எந்த முறை என்று திருப்பிக் கேட்கவோ இரண்டையும் பிரித்துச் சொல்லவோ செய்யாமல், ஒரே விடையை உறுதியாகச் சொன்னால், அந்தக் கருவி சொல்லும் மற்றவற்றையும் புத்தகத்தோடு ஒப்பிட்ட பிறகே எழுதிக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சரக்கிலும் தமிழ் மிகக் குறைவு. இந்தக் குறை மனத்தை உறுத்துகிறது. 2020இலிருந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ, பல் மருத்துவப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்கள் ஒரே கோடை விடுமுறை இடைவெளியில் ஸ்டைலோமாண்டிபுலார் லிகமென்ட் என்ற பெயரின் முன் நிற்கிறார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. பெயர்ப் பலகைதான் புரியவில்லை. கையில் இருக்கும் நல்ல பாலம் மாநிலப் பாடத்திட்டத்தின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் புத்தகம். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இணையத்தில் இலவசம். ஜீரணப் பாடத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்துக்குப் பக்கம் வைத்துப் படித்தால், தெரிந்த பொருளுக்குப் புதுப்பெயர் ஒட்டிக்கொள்ளும்.

தமிழில் உடற்கூறு சொல்ல முடியுமா என்ற ஐயத்துக்கு யாழ்ப்பாணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே விடை சொல்லிவிட்டது. 1847இல் அங்கே வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம் என்று உடற்கூறு நூலைத் தமிழாக்கினார். கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். மின்சாரம் இல்லாத காலத்தில் நடந்த வேலை அது. இன்றைக்குத் தமிழ் யூடியூபில் பி.டி.எஸ். பாடம் எடுக்கும் இளம் மருத்துவர்கள் சிலர் ஆங்காங்கே முளைத்திருக்கிறார்கள். ஒரு தலைப்பு இருக்கும், அடுத்த தலைப்பு இருக்காது. ஹிஸ்டாலஜி கைடு மாதிரி முழுமையான ஒன்றைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகளே சேர்ந்து செய்யலாம். ஸ்லைடு பெட்டிகள் ஒவ்வொரு துறையிலும் இருக்கின்றன. கிரவுண்டு செக்‌ஷன்களும் இருக்கின்றன. ஸ்கேன் செய்து, இரண்டு மொழியில் பெயரிட்டு, பொதுவில் வைக்க வேண்டிய வேலைதான் பாக்கி.

அது வரும்வரை ஆன்கி தமிழையும் ஏற்றுக்கொள்கிறது. கேள்வியைத் தமிழில் எழுதலாம், விடையை ஆங்கிலத்தில் வைக்கலாம். கீழ்த்தாடை நரம்பு மண்டையோட்டை விட்டு எந்தத் துளை வழியாக வெளியே வருகிறது? திருப்பினால், ஃபொராமென் ஓவலே. எஃப்.டி.ஐ. முறையில் 14 எந்தப் பல், அமெரிக்க முறையில் எந்தப் பல்? திருப்பினால் இரண்டு படம், ஒன்று வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். பல்லாவரத்தில் ஏறி, திரிசூலம், மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் இருபது அட்டை ஓடிவிடும். கிண்டியில் கூட்டம் ஏறும்போது போனைப் பையில் போட்டுவிடலாம். பையில் ரெக்கார்டு நோட்டும், எச் அண்ட் இ பென்சிலும், நேற்று பாதி செதுக்கிய மெழுகுக் கட்டியும், லெக்ரான் கார்வரும் இருக்கும். அந்தக் கட்டியிலிருந்து ஒரு முன்கடைவாய்ப்பல்லை வெளியே கொண்டுவருவது இன்று மதியத்து வேலை.